கணப்பு மூட்டிய பெண்ணுக்கு ஒரு மெழுகுத்திரி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பாதி மறந்தும் போச்சு. மறந்த இடத்தில் நானே எதையாவது ஒட்டுப் போட்டிருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் நம் மூத்தோர் கூட்டத்துக்கு லாஸ்பேட்டைக் கல்லூரியிலிருந்து ஒரு அம்மா வந்து பேசினார்களே, ருஷ்யக் கதைகளைப் பற்றி. கல் மனசுக்காரன் ஒருவன் கதை முடிவதற்குள் நல்லவனாகிவிடுகிறான், அவனை மாற்றியது அன்பா, இல்லை கையில் இருந்த அதிகாரம் போனதா என்று கேட்டார்கள். "உங்கள்ல யாராச்சும் ருஷ்யக் கதை படிச்சிருக்கீங்களா?" என்றபோது நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். எனக்குக் கை தூக்கலாம் என்று வந்தது. கூச்சத்தில் முந்தானைக்குள் கையைச் சுருட்டி வைத்துக்கொண்டேன். நான் படிக்கவில்லை, கேட்டிருக்கிறேன். ஒரு தபசுகாலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள், முழுக்க ஒரே ஒரு ருஷ்யக் கதை. என் அம்மா அப்பாவிடம் திரும்பிப் போவாளா மாட்டாளா என்பது அந்தக் கதையின் மேல் நின்றது. அதைத்தான் எழுதிக் கொடுக்கிறேன். கூட்டத்தில் வேறு யாராவது வாசியுங்கள். எனக்கு வாய் வராது.

அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊருக்கு வந்தவர். சொல்தா மாப்பிள்ளை என்றால் அந்தக் காலத்தில் புதுச்சேரியில் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவைக் கட்டிக் கொடுத்தபோது தெருவே வயிறு எரிந்ததாம். வீட்டையும் அவர் பட்டாளமாகத்தான் நடத்தினார். காலையில் பீங்கான் கிண்ணத்தில் காப்பி ஆவி பறக்க இருக்க வேண்டும். ஆறியிருந்தால் கிண்ணம் சுவரில் போய் உடையும். அந்தக் கிண்ணங்கள் நீலப்பூ போட்டவை, கப்பலில் வந்தவை. எங்கள் சுவரில் காப்பிக் கறை ஒரு மரம்போல் கிளை விட்டிருந்தது. "சிலான்ஸ்!" என்று ஒரு சத்தம் போடுவார், பேச்சு மூச்சு கூடாது என்று அர்த்தம். அழுகிறவர்கள் அழுகையை விழுங்க வேண்டும். அவர் பூட்ஸ் சத்தம் வாசலில் கேட்டாலே எனக்கு ஒன்றுக்கு வந்துவிடும். பாவாடை நனைந்தால் அதற்கும் இடுப்பு வார் கழலும்.

ஒரு கிறிஸ்மஸ் கழிந்து அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். பெரியம்மா வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை. வாடகை கொடுத்துத்தான் இருந்தோம். அம்மாவுக்குக் கன்னியர் மடத்துத் தையல் கூடத்தில் வேலை இருந்தது.

அந்தக் கூடத்தைச் சொல்ல வேண்டும். உயரமான கூரை, பெரிய சன்னல்கள், கஞ்சி போட்ட வெள்ளைத் துணி வாசனை. பிரான்சுக்குப் போகிற மேசைத்துணிகளில் பெண்கள் பூவேலை செய்வார்கள். வியர்வை துணியில் படக்கூடாது என்று கையெல்லாம் பவுடர் பூசிக்கொண்டு, பேய்க் கை மாதிரி வெள்ளையாக இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு நான் அங்கேதான் போவேன். துணியை இழுத்து மாட்டின மரச் சட்டங்களுக்குக் கீழே உட்கார்ந்து, விழுந்த நூல் துணுக்குகளைப் பொறுக்கிப் பந்தாகச் சுருட்டுவேன். பேச்சு கூடாது என்பது சட்டம். பேச்சுக்குப் பதிலாக ஒருத்தி புத்தகம் வாசிப்பாள். வாசிக்கிறவள் ஊசி பிடிக்க மாட்டாள். அவள் பங்குத் துணியை மற்றவர்கள் ஆளுக்கு ஓர் இதழாகப் போட்டு முடித்துக் கொடுப்பார்கள். மேற்பார்வை பார்த்த பிரெஞ்சு மதர் அந்தத் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இந்தப் பூவுக்கு எத்தனை அம்மா?" என்பார். அவருக்குத் தெரிந்த தமிழில் அவர் செய்கிற தமாஷ் அது ஒன்றுதான்.

தபசுகாலத்தில் அர்ச்சிஷ்டவர்கள், அதாவது புனிதர்கள், சரித்திரம்தான் வாசிக்க வேண்டும். அந்த வருஷம் அலமாரியைத் திறந்தால் சரித்திரப் புத்தகம் கரையான் மண்ணாக இருந்தது. வாசிக்கிற அக்கா அப்போது கலியாணம் ஆகாதவள், குரல் தெளிவாக இருக்கும். அவளுடைய தம்பி மில் தொழிலாளி. புத்தகம் விற்க வேன் வரும்போது, ருஷ்யாவிலேயே தமிழில் அச்சடித்த கெட்டி அட்டைப் புத்தகங்களை வாங்கி வைத்திருப்பான். அதில் ஒன்றை அக்கா கொண்டு வந்தாள். அந்தத் தாளின் வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது, புதுப் பலகையும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி.

மதருக்குத் தமிழ் எழுத்துப் படிக்க வராது, வாங்கிப் புரட்டினார். நடுவில் ஒரு படம். தலையில் துணி கட்டிய ஒரு பெண் கணப்பு அடுப்பின் முன்னால் முழங்காலில் இருக்கிறாள். நெருப்பு வெளிச்சம் அவள் தலையைச் சுற்றி வட்டமாக அடிக்கிறது.

"இது யார்? அர்ச்சிஷ்டவளா?"

அக்கா மென்று விழுங்கினாள். "நல்ல பொண்ணு மதர். ரொம்பக் கஷ்டப்பட்ட பொண்ணு."

"நல்லது. தபசுகாலம். படி."

அவ்வளவுதான். மதர் போனதும் அக்கா உண்மையைச் சொல்லத்தான் பார்த்தாள். "இது அர்ச்சிஷ்டவ இல்லீங்க, சும்மா கதைங்க."

துணிக்கு ஓரம் அடிக்கிற ஒரு கிழவி இருந்தாள். ஓரத்துக் கிழவி என்றே கூப்பிடுவோம். அவள் சொன்னாள்: "மதரே ஒத்துக்கினாங்க. நீ இன்னாடி, மதரைவிடப் பெரியவளா? படி."

கதை இதுதான். ருஷ்யாவில் ஒரு பிரபு. ஊர்கள், ஆட்கள், குதிரைகள் எல்லாம் அவனுக்குச் சொந்தம். தன் எதிரில் தொப்பியைக் கழற்றவில்லை என்று ஒரு பையனைப் பட்டாளத்துக்குப் பிடித்து அனுப்பிவிடுகிறான். அந்தப் பையனின் அக்காதான் பிரபு வீட்டில் கணப்பு மூட்டுகிற பெண். போகப் போகப் பிரபுவுக்கு அவள் மேல் ஆசை வந்துவிடுகிறது. கம்பளிச் சால்வை கொடுக்கிறான், காலுக்குத் தோல் சோடு கொடுக்கிறான், தன் கூடவே மேசையில் உட்கார வைக்கிறான். சமோவார் என்று ஒன்று வந்தது. "இன்னாடி அது?" என்று கேட்டார்கள். "டீக்கடை பாய்லர் மாதிரிதான்" என்றாள் அக்கா. படுக்கிற அறையில் அடுப்பு எதற்கு என்பது மட்டும் கடைசிவரை யாருக்கும் விளங்கவில்லை. கூடத்தில் எல்லோருக்கும் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

"பார்றீ, ஆளே மாறிட்டான்! ஒரு பொட்டச்சி மேல பாசம் வெச்சா இன்னா மாதிரி ஆயிட்டான்," என்றாள் ஓரத்துக் கிழவி.

அம்மா கூடத்தில் பேசவே மாட்டாள். அன்றைக்கு ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்: "அவகிட்டதான் மாறினான். சாயங்காலம் வண்டிக்காரனை அடிச்சானே, வாசிச்சீங்களே."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் கீழேயிருந்து பார்த்தேன், கழுத்து சிவந்திருந்தது.

இதற்கு நடுவில்தான் பங்குச் சாமியார் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார். பாஸ்குத் திருநாளுக்குள், அதாவது ஈஸ்டருக்குள், புருஷனோடு சேர்ந்துவிட வேண்டும், சேராவிட்டால் பூசையில் நாக்கில் வைக்கிற நன்மை கிடையாது என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கும் அதையே சொல்லி அனுப்பியிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அப்பா பெரியம்மா வீட்டுக் கேட்டண்டை ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். கையில் தொப்பி, கக்கத்தில் நீட்டு ரொட்டி. நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"குடிக்கறத விட்டுட்டேன்," என்றார். "கை நீட்ட மாட்டேன். சத்தியம். வூட்டுக்கு வா."

அம்மாவுக்குச் சரி என்றும் சொல்ல முடியவில்லை, மாட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை. என்ன தோன்றியதோ, "கதை முடியட்டும். அப்புறம் சொல்றேன்," என்றாள்.

"எந்தக் கதை?"

"கூடத்துல வாசிக்கறாங்க. அவனும் உங்கள மாதிரிதான். மாறினானா இல்லியான்னு இன்னும் தெரியல."

அப்பா ஒன்றும் விளங்காமல் நின்றார். பிறகு திரும்பி, தூங்கிவிட்ட ரிக்‌ஷாக்காரனை "வித்! வித்!" என்று பிரெஞ்சில் அவசரப்படுத்தி, தொப்பியால் அடித்து எழுப்பினார். அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கூடம் முழுக்க அதே பேச்சு. கதையின் முடிவில் ஒரு குடும்பம் தொங்குகிறது என்று தெரிந்ததும் ஒவ்வொருத்தியும் ஒரு கட்சி. ஓரத்துக் கிழவி கணப்புப் பெண்ணுக்கு நேர்ந்துகொண்டு, மடத்தில் குகைபோல் கட்டின கெபியில் மாதா காலடியில் ஒரு மெழுகுத்திரி ஏற்றினாள்: "தாயே, உனக்குப் பிரபுவை மாத்தத் தெரிஞ்சுதே, இவ புருஷனையும் மாத்திக் குடு." அவளைப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று பேர் தங்கள் புருஷன்மாருக்காக ஏற்றினார்கள். மெழுகுத்திரி வரிசையைப் பார்த்து மதருக்கு ஒரே சந்தோஷம். "இந்த அர்ச்சிஷ்டவளுக்குத் திருநாள் எப்போது?" என்று அக்காவைக் கேட்டாராம். "இன்னும் அந்தப் பக்கம் வரல மதர்," என்று அக்கா தப்பித்துக்கொண்டாள்.

நானும் ஒரு துண்டு மெழுகுத்திரி ஏற்றினேன். யாருக்கும் சொல்லவில்லை. நான் வேண்டியது வேறு. அம்மா போகக்கூடாது, அவ்வளவுதான்.

அப்பா காதுக்கும் விஷயம் போனது. மனைவியின் பதில் யாரோ ஓர் அர்ச்சிஷ்டவளின் கையில் இருக்கிறது என்று அவருக்குப் பட்டிருக்கிறது. பட்டாளத்துக்காரர், மேலதிகாரி யார் என்று தெரிந்தால் நேரே போய்ப் பார்க்கிறவர். பெரிய மெழுகுத்திரி ஒன்றை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போய், மணி அடிக்கிற கோயில்பிள்ளையிடம் கேட்டார்: "ருஷ்யா தேசத்து அர்ச்சிஷ்டவ சுரூபம் எங்க இருக்குது?"

"ருஷ்யாவா? அங்க சாமியே கிடையாதுன்றாங்களே ஐயா."

"அடுப்பு மூட்டற அர்ச்சிஷ்டவ!"

"அடுப்பு மூட்டறவங்க எங்க வூட்ல ஒருத்தி கீறா. வர்றீங்களா?"

கோயில்பிள்ளை இதைக் கடைத்தெரு வரைக்கும் கொண்டு போனான். ஊரே சிரித்தது. ஆனால் ஆச்சரியம், அப்பா யாரையும் அடிக்கவில்லை, கத்தவில்லை. மெழுகுத்திரியை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்து வீட்டுக்குப் போய்விட்டாராம்.

பெரியம்மா அம்மாவிடம் சண்டைக்கு வந்தாள். "இதுக்கு மேல இன்னாடி வேணும் உனக்கு? அவமானத்தைக்கூடப் பொறுத்துக்கினாரு மனுஷன். உன் மேல பாசம் இல்லாமயா?"

"பாசம் இல்லன்னு நான் எங்கக்கா சொன்னேன்? எப்பவும் இருந்துது. அடிச்சிட்டு எண்ணெ தடவி வுடுவாரு."

அந்த வார்த்தையை நான் வெகுகாலம் புரியாமலே வைத்திருந்தேன்.

கதை அதற்குள் உறைபனிக்கு வந்துவிட்டது. பிரபுவுக்குக் கடுமையான காய்ச்சல். கொள்ளை நோய் வருகிறது என்று கேட்டு வேலையாட்கள் எல்லாம் ஓடிவிடுகிறார்கள். பெரிய மாளிகையில் பிரபுவும் கணப்புப் பெண்ணும் மட்டும். வெளியே ஆள் உயரத்துக்கு வெண்பனி. அவள் கணப்பை மூட்டினால் அவன் பிழைப்பான், மூட்டாவிட்டால் விறைத்துச் சாவான். தம்பியைப் பட்டாளத்துக்கு அனுப்பியவன். விறகுக் கட்டை அவள் கையில் இருக்கிறது. அந்த இடத்தில் அக்கா புத்தகத்தை மூடிவிட்டாள், மணி அடித்துவிட்டது.

அன்றைக்குப் பெண்கள் வீட்டுக்குப் போகாமல் வாசலிலேயே நின்று சண்டை போட்டார்கள். மூட்டட்டும் என்று பாதி, மூட்டக்கூடாது என்று பாதி. "மூட்டாதவ அர்ச்சிஷ்டவளா?" என்றாள் கிழவி. "மூட்டினா அவ ஒரு பைத்தியக்காரி," என்றாள் இன்னொருத்தி. அவள் புருஷனும் அடிக்கிறவன்தான்.

மறுநாள் அவள் மூட்டிவிட்டாள். பிரபு அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறான். தம்பியைத் திரும்ப வரவழைக்க ஆள் அனுப்புகிறேன், ஆட்களை எல்லாம் விடுதலை செய்கிறேன் என்கிறான். கூடத்தில் மூக்குச் சிந்தாதவர்கள் இல்லை. பூவேலைத் துணியில் கண்ணீர் விழக்கூடாது என்று எல்லோரும் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு அழுதார்கள். கீழேயிருந்து பார்த்தால் கோழிகள் தண்ணீர் குடிப்பது மாதிரி இருந்தது.

அம்மா அழவில்லை. "குளுரு விட்ட பொறவு பாக்கணும்," என்றாள்.

குளிர் விட்டது. பனி உருகியது. பிரபு சொன்னபடி செய்தான். தம்பி வந்தான், ஆட்கள் விடுதலையானார்கள், அடி வாங்கிய வண்டிக்காரனிடம்கூட மன்னிப்புக் கேட்டான். கடைசிப் பக்கத்தில் கணப்புப் பெண்ணைக் கூப்பிட்டு, மாளிகையின் சாவிக் கொத்தை அவள் கையில் வைத்து, நீதான் இனி இந்த வீட்டுக்கு எசமானி என்கிறான். அவள் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொள்கிறாள். கதை முடிந்தது. அது பாஸ்குக்கு முந்தின பெரிய வாரத்துப் புதன்கிழமை.

கூடம் கலியாண வீடு மாதிரி ஆகிவிட்டது. ஓரத்துக் கிழவி எழுந்து வந்து அம்மாவின் கன்னத்தை வழித்துச் சொடுக்கினாள். "முடிஞ்சிருச்சுடி! அவ அவன்கூடப் போயிட்டா. நீயும் கெளம்பு. நீதானே சொன்ன, கதை முடியட்டும்னு?"

நான் சட்டத்துக்குக் கீழே நூல் பந்தை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன். அம்மா சொன்ன சொல் அம்மாவையே பிடித்துக்கொண்டது. அந்த மூன்று நான்கு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமை துணிமணிகளை மடித்து டிரங்குப் பெட்டிமேல் வைத்தாள். எனக்குப் பழையபடி படுக்கை நனைந்தது. அவள் திட்டவில்லை. பாயைக் காயப் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள், துணி காய்வதைப் பார்த்துக்கொண்டு.

பாஸ்கு ஞாயிறு. பூசை முடிந்து அப்பா வந்தார். பட்டாளத்துக் கோட்டு, இரண்டு மெடல். ரிக்‌ஷாவை முன்னாடியே தெருமுனையில் அனுப்பிவிட்டு நடந்து வந்திருந்தார். பெரியம்மா, பெரியம்மா மகள், நான், எல்லோரும் கேட்டண்டை. டிரங்குப் பெட்டி உள்ளேதான் இருந்தது.

"கதை முடிஞ்சிதாமே," என்றார் அப்பா.

"முடிஞ்சிது."

"மாறினானா?"

"மாறினான். நல்லாவே மாறினான். சாவியை எடுத்து அவ கையில குடுத்தான்."

"நானும் குடுக்கறேன்!" அப்பா கோட்டுப் பையில் கையை விட்டார். சாவிச் சத்தம் கேட்டது.

அம்மா ஓர் அடி பின்னால் வைத்தாள். நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "குடுக்கறவரு திரும்ப வாங்கிக்கலாம் இல்லீங்களா? அவ வாங்கிக்கினா, அது அவ கதை. நான் வூட்டுக்கு வரல."

"அடிப்பாவி," என்றாள் பெரியம்மா.

"நீங்க வாங்க," என்றாள் அம்மா. "ஞாயித்துக்கிழமை வாங்க. சோறு ஆக்கி வைக்கறேன். கொழந்தையப் பாத்துட்டு, சாப்ட்டுட்டுப் போங்க. இது நான் வாடகை குடுக்கற எடம். இங்க சத்தம் போட்டா கதவைச் சாத்திடுவேன்."

அப்பாவின் முகம் கறுத்தது. கை இடுப்பு வாரண்டை போனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் வரப்போகிறது என்று காதையும் பொத்தினேன். வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதன் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுத்த மனிதர், கிராமத்தான் ஆபீசில் கேட்பது மாதிரிக் கேட்டார்:

"எத்தனை மணிக்கு வரட்டும்?"

அம்மா விட்ட மூச்சு என் தலைமேல் விழுந்தது. "பன்னெண்டுக்கு வாங்க," என்றாள்.

அடுத்த ஞாயிறு பன்னிரண்டுக்கு வந்தார். அவர் சாகிறவரை ஞாயிறுதோறும் வந்தார். கூப்பிடுகிறவரை கேட்டுக்கு வெளியேதான் நிற்பார். மழையென்றால் குடையோடு நிற்பார். முதலில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தவர், எப்போதிலிருந்து தானே கழுவ ஆரம்பித்தார் என்று எனக்கு நினைவில்லை. எனக்குக் கலியாணப் பேச்சு வந்தபோது "நீ இன்னா சொல்ற?" என்று என்னைக் கேட்ட ஒரே ஆண்பிள்ளை அவர்தான். சாமியார் இரண்டு வருஷம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, அம்மாவுக்கு நன்மை கொடுத்தார். கூடத்துப் பெண்கள் அம்மாவை நெஞ்சழுத்தக்காரி என்றார்கள். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தேன், சேர்ந்தே இருந்திருக்கலாமே என்று. இப்போது அப்படி நினைக்கவில்லை. பாசம் அவரை மாற்றியது உண்மைதான். ஆனால் அடிக்க ஒரு வீடு அவர் கையில் இல்லாததால்தான் அந்தப் பாசத்துக்கு வேலை செய்ய இடம் கிடைத்தது. எனக்குப் படிப்பில்லை. இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. அந்த ஞாயிறுகளுக்குப் பிறகு என் படுக்கை நனைந்ததே இல்லை, அது மட்டும் தெரியும்.

ஒரு வேண்டுகோள். சாமியார் முறைத்தது இரண்டு வருஷமா மூன்று வருஷமா, மெடல் இரண்டா ஒன்றா, எனக்குச் சந்தேகம். அன்றைக்குக் கேட்டண்டை நின்றவர்களில் பெரியம்மா மகள் மட்டும் இருக்கிறாள், மூலக்குளத்தில் பேரன் வீட்டில். நான் போய்க் கேட்டால் இரண்டு பேரும் அழுதுவிடுவோம். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது இதை அவளுக்கு வாசித்துக் காட்டிச் சரிபாருங்கள். காது மந்தம், கொஞ்சம் உரக்க வாசிக்க வேண்டும். தப்பென்று அவள் சொல்வதையெல்லாம் திருத்திவிடுங்கள். எத்தனை மணிக்கு என்று அப்பா கேட்டதை மட்டும் அவள் சொன்னாலும் மாற்றாதீர்கள். அது எனக்கு நன்றாகக் கேட்டது.